கவலையே இல்லாத எலியும், கவலைக்கிடமான பூச்சியும்!

தலைவர்கள் யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் தினமும் சாயங்காலம் டாக்டர்கள் ஓர் அறிக்கை விடுவார்கள், கவனித்திருப்பீர்கள். 'கவலைக்கிடம்', 'நல்ல முன்னேற்றம்', 'கவலைப்பட ஒன்றுமில்லை' என்று ரெண்டு மூணு வார்த்தையில் மொத்த விஷயமும் அடங்கிவிடும். உலகத்து ஜீவராசிகளுக்கும் இதே மாதிரி ஒரு புல்லட்டின் இருக்கிறது. பெயர், சிவப்புப் பட்டியல். சுவிட்சர்லாந்தில் தலைமையகம் வைத்திருக்கும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964லிருந்து இதைத் தயாரித்து வருகிறது. புலி எப்படி இருக்கிறது, கழுகு எப்படி இருக்கிறது, இன்னும் எத்தனை பாக்கி, எத்தனை நாள் தாங்கும்... எல்லாம் அதில் உண்டு.

அந்தப் பட்டியலிலிருந்து ரெண்டே ரெண்டு பேரை இந்த வாரம் பார்ப்போம். ஒருத்தர் கறுப்பெலி. நிலைமை: 'கவலை இல்லை'. இன்னொருத்தர் ஒரு குச்சிப்பூச்சி. நிலைமை: 'கவலைக்கிடம்'. (பட்டியலில் இதற்கெல்லாம் நீளமான பெயர்கள் இருக்கின்றன. நமக்கு ஆஸ்பத்திரி பாஷை போதும்.)

எலியை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. எங்கள் ஆபீஸ் ரிக்கார்டு ரூமில் ஒன்று இருந்தது. சர்வீஸ் ரிஜிஸ்டர்களைப் பசை ஒட்டிய முதுகுப் பக்கமாகப் பார்த்து ருசித்துச் சாப்பிடும். ஹெட்கிளார்க்கைவிட சீனியர் என்று பேச்சு. பொறி வைத்தால் தேங்காய்ச் சில்லை மட்டும் நாசூக்காக எடுத்துக்கொண்டு போய்விடும். கறுப்பெலி என்று பெயரே தவிர, நம் ஊர்களில் பெரும்பாலும் பழுப்பாகத்தான் இருக்கும். உடம்பைவிட வால் நீளம். குழாய், கயிறு, கேபிள் எதிலும் ஏறும். கர்ப்பம் தரித்தால் மூணு வாரத்தில் பிரசவம். மெட்டர்னிட்டி லீவெல்லாம் கேட்காது. பெற்ற கையோடு அடுத்ததற்குத் தயார்.

பூச்சிதான் புதுசு. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, கரையிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் லார்டு ஹோவ் என்று ஒரு குட்டித் தீவு. நீளம் பத்துப் பதினொரு கிலோமீட்டர்தான். சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். அங்கே மட்டும், உலகத்தில் வேறெங்குமே இல்லாமல், இந்தப் பூச்சி இருந்தது. குச்சிப்பூச்சி என்றதும் துடைப்பக்குச்சி சைஸில் நினைத்துவிடாதீர்கள். வளர்ந்த பெண் பூச்சி 15 சென்டிமீட்டர் வரை வரும். கறுப்பாக, பளபளவென்று, தடித்த கால்களோடு. சிங்கி இறால் பார்த்திருக்கிறீர்களா? அதை மரத்தில் ஏற்றிவிட்ட மாதிரி. தீவுக்காரர்கள் வைத்த பெயரே 'மரத்துச் சிங்கிறால்' என்ற அர்த்தத்தில்தான். மீன் பிடிக்கப் போகும்போது இதைத் தூண்டிலில் கோத்துக்கொண்டு போவார்களாம். அவ்வளவு தாராளமாகக் கிடைத்திருக்கிறது.

இப்போது ரெண்டு பேருடைய பயோடேட்டாவையும் பார்க்கலாம். சுவீடன் நாட்டு கார்ல் லின்னேயஸ் என்ற மனிதர் 1758ல் மிருகங்களுக்கெல்லாம் விலாசம் எழுத ஒரு முறை வகுத்துக் கொடுத்தார். தபால் விலாசம் மாதிரியேதான். தேசம், மாநிலம், மாவட்டம், தாலுகா, தெரு, கடைசியில் கதவு எண். எலிக்கும் பூச்சிக்கும் தேசம் ஒன்று: விலங்கு ராஜ்ஜியம். அதற்கு அடுத்த வரியிலேயே பிரிந்துவிடுகிறார்கள். எலி, முதுகுநாண் உள்ள கட்சி. நீங்களும் நானும் யானையும் நெத்திலியும் அதே கட்சிதான். பூச்சி, கணுக்காலி கட்சி. எலும்பு உள்ளே கிடையாது, வெளியே ஓடு. மூக்கு கிடையாது, விலாவில் இருக்கிற பொட்டுப் பொட்டான துளைகள் வழியாக மூச்சு. ரெண்டு பேருக்கும் பொதுவான பாட்டன் ஒருத்தன் இருந்திருக்கிறான் - 50 கோடி வருஷத்துக்கும் முன்னால், கடலுக்குள். சொத்துத் தகராறுக்கு இனிமேல் வழியில்லை.

எலியின் மிச்ச விலாசம்: பாலூட்டி வகுப்பு, கொறிப்பன வரிசை, எலிக் குடும்பம், கதவில் தொங்கும் பெயர்ப்பலகை 'ராட்டஸ் ராட்டஸ்'. லின்னேயஸ் கொடுத்த ரெண்டு வார்த்தைப் பெயர் முறையில் முதல் வார்த்தை பரம்பரை, ரெண்டாவது ஆள். இவருக்கு ரெண்டும் ஒன்றே. சுப்பிரமணியம் சுப்பிரமணியம் என்கிற மாதிரி. (பிள்ளையாரின் வாகனமான மூஞ்சூறு இந்த வரிசையிலேயே சேர்த்தியில்லை என்பது தெரியுமோ? மூஞ்சூறு கொறிப்பது கிடையாது. பூச்சி தின்னும் வேறு வரிசை. பார்வைக்குத்தான் எலி ஜாடை.)

பூச்சிக்கு: பூச்சி வகுப்பு, குச்சிப்பூச்சி வரிசை, பெயர் டிரையோகோசீலஸ் ஆஸ்திராலிஸ். 1855ல் மோன்ட்ரூசியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் முதன்முதலில் எழுதி வைத்தார். இங்கே ஒரு விஷயம் முக்கியம். ராட்டஸ் பரம்பரையில் அறுபதுக்கும் மேற்பட்ட வகை எலிகள் இருக்கின்றன. டிரையோகோசீலஸ் பரம்பரையில் இந்தப் பூச்சி ஒன்றுதான். அண்ணன் தம்பி யாரும் கிடையாது. இது போனால் வம்சமே முடிந்தது.

சரி, ஆஸ்திரேலியப் பூச்சிக்கும் நம் வீட்டுப் பரண் எலிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. ரொம்பவே இருக்கிறது.

கறுப்பெலி என்று நாம் மொத்தமாகச் சொல்லும் கூட்டத்தில் பல கிளைகள். மரபணுவை ஆராய்ந்து பார்த்ததில் உலகமெல்லாம் பரவிய கிளையின் பிறந்தகம் இந்தியத் தீபகற்பம்தான் என்று தெரிகிறது. அதாவது நம்ம ஊர்! இங்கிருந்து வணிகர்களோடு மேற்கே போய், ரோமானியர் காலத்திலேயே ஐரோப்பாவில் குடியேறி, பிறகு ஐரோப்பியக் கப்பல்கள் போன துறைமுகமெல்லாம் தானும் இறங்கியிருக்கிறது. பாஸ்போர்ட் கேட்காமல் உலகம் சுற்றிய முதல் இந்தியர்கள் யாரென்று யாராவது கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

1918 ஜூன் மாதம். மகாம்போ என்ற நீராவிக் கப்பல் லார்டு ஹோவ் தீவுக்குச் சரக்கு கொண்டுவந்தபோது பாறையில் தட்டி நின்றுவிட்டது. ஓட்டையை அடைத்து மறுபடி மிதக்கவிட ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளில் கப்பலிலிருந்த எலிகள் கரையேறிவிட்டன. எத்தனை இறங்கின என்று யார் எண்ணினார்கள்? எண்ணவேண்டும் என்று யாருக்குமே தோன்றியிருக்காது. கப்பல் கிளம்பியதே போதும் என்றிருந்திருப்பார்கள்.

அந்தத் தீவில் அதுவரைக்கும் வௌவாலைத் தவிர வேறு பாலூட்டி மிருகம் எதுவும் சொந்தமாக இருந்ததில்லை. அதனால் பூச்சிக்கு ஓடவேண்டிய அவசியமே வந்ததில்லை. இறக்கை கிடையாது. பகலில் மரப்பொந்தில் தூக்கம், ராத்திரியில் இலை மேய்ச்சல். எலியும் ராத்திரியில்தான் வேட்டைக்குக் கிளம்பும், பொந்துக்குள்ளும் புகும். ரெண்டே வருஷம். 1920க்குப் பிறகு தீவில் யாரும் அந்தப் பூச்சியை உயிரோடு பார்க்கவில்லை. பூச்சியோடு போகவில்லை விஷயம். முட்டையையும் குஞ்சையும் எலி தின்றதில் அந்தத் தீவுக்கே உரிய ஐந்து பறவைகளும் அடியோடு ஒழிந்தன.

தீவுக்காரர்களுக்கு அப்போது பூச்சியைப் பற்றிக் கவலையில்லை. பனை விதையைப் பற்றித்தான். பெரிய ஹோட்டல் லாபிகளில், ஏ.சி. ஆபீஸ் மூலைகளில் தொட்டியில் வைத்திருப்பார்களே கென்டியா பனை, அதற்குச் சொந்த ஊர் இந்தத் தீவு. விதை விற்றுத்தான் பிழைப்பு. எலி அதையும் கொறித்தது. எலி வாலைக் கொண்டுவந்தால் காசு என்று அறிவித்தார்கள். பலிக்கவில்லை. 1920களில் எலியைப் பிடிக்கட்டும் என்று வெளியூரிலிருந்து ஆந்தைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆந்தை எலியையும் தின்றது, தப்பித்திருந்த உள்ளூர்ப் பறவைகளையும் தின்றது. நம்ம மேனேஜர்கள் ஒரு பிரச்னையைத் தீர்க்க இன்னொரு கமிட்டி போடுவார்களே... அதேதான்!

(மகாம்போ கப்பல் பிற்பாடு ஜப்பானியர் கைக்குப் போய், பெயர் மாறி, 1944ல் ஒரு பிரிட்டிஷ் நீர்மூழ்கியின் குண்டில் தாய்லாந்துப் பக்கம் மூழ்கிப்போனது. எலிகளுக்கு அந்த நஷ்டம் தெரிந்திருக்க நியாயமில்லை.)

எண்பது வருஷம் ஓடிவிட்டது. தீவிலிருந்து 23 கிலோமீட்டர் தூரத்தில் கடலுக்குள்ளிருந்து செங்குத்தாக ஒரு பாறை நிற்கிறது. பால்ஸ் பிரமிட் என்று பெயர். உயரம் 550 மீட்டருக்கு மேல். நம் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தை எட்டு ஒன்பது தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள், அவ்வளவு. மரம் கிடையாது, தண்ணீர் கிடையாது, இறங்க இடம் கிடையாது. 1964ல் அதில் ஏறப்போன ஒரு குழு, செத்துக் கிடந்த குச்சிப்பூச்சி ஒன்றைப் பார்த்துப் படம் எடுத்திருந்தது. உயிரோடு? யாரும் நம்பவில்லை.

2001ல் டேவிட் ப்ரிடெல், நிக்கோலஸ் கார்லைல் என்ற ரெண்டு விஞ்ஞானிகள் சிலரைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாறைக்குப் போனார்கள். 'இல்லை என்று உறுதிசெய்துவிட்டால் இந்தப் பேச்சு ஓயும்' என்கிற அளவில்தான் நம்பிக்கை. பகலில் ஏறிப் பார்த்தார்கள். ஒரு பாறை வெடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு புதர். அதன் அடியில் புழுக்கை. பெரிய பூச்சியின் புதுப் புழுக்கை! பூச்சி ராத்திரியில்தான் வெளியே வரும் என்பதால், இருட்டில் டார்ச்சும் கேமராவுமாகக் கார்லைலும் உள்ளூர் ரேஞ்சர் ஒருத்தரும் மறுபடி அதே செங்குத்தில் ஏறினார்கள். (நமக்கு மாடிப்படி பல்பு ஃபியூஸானால் லிஃப்ட் வரும்வரை காத்திருப்போம்.) புதரில் வெளிச்சம் அடித்தால்... கறுப்பாக, பளபளவென்று அங்கே உட்கார்ந்திருக்கிறது, எண்பது வருஷமாகச் செத்துப்போயிருந்த பூச்சி!

பிற்பாடு எண்ணியதில் மொத்தம் 24. ஓர் இனத்தின் மொத்த ஜனத்தொகை ஒரு டவுன் பஸ்ஸின் பாதி சீட்டுக்கு அடங்கிவிட்டது. பறக்கவும் நீந்தவும் தெரியாத ஜந்து 23 கிலோமீட்டர் கடலை எப்படித் தாண்டியது என்பதற்கு ஆளாளுக்கு ஓர் ஊகம்: பறவை தூக்கிப் போயிருக்கலாம், தூண்டில் இரையாகப் போனது தப்பித்திருக்கலாம்.

அப்புறம் சர்க்காருடைய யோசனை ஆரம்பித்தது. தொடலாமா, கூடாதா, எடுத்தால் எத்தனை எடுப்பது... ரெண்டு வருஷம் கழித்து, 2003ல், நாலே நாலு பூச்சிகளை எடுக்க அனுமதி வந்தது. ஒரு ஜோடி சிட்னிக்கு. அது கொஞ்ச நாளில் செத்துப்போனது. இன்னொரு ஜோடி மெல்போர்ன் மிருகக்காட்சிசாலைக்கு. ஆதாம், ஏவாள் என்று பெயர் வைத்தார்கள். ஏவாளும் சுருண்டு படுத்துவிட்டாள். பூச்சிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரை எங்கே போய்த் தேடுவது? பேட்ரிக் ஹோனன் என்ற பராமரிப்பாளர் கால்சியத்தையும் தேன் மாதிரியான பூஞ்சாற்றையும் கலந்து, சொட்டுச் சொட்டாக அதன் வாயில் விட்டார். ஏவாள் எழுந்து உட்கார்ந்தாள். முட்டை போட்டாள். 2012க்குள் அந்த மிருகக்காட்சிசாலையில் 9,000க்கும் மேல் பொரிந்து வளர்ந்துவிட்டன. வேறு நாட்டு மிருகக்காட்சிசாலைகளுக்கும் முட்டை போயிற்று. பாறையில் பிடித்ததும் பழைய தீவுப் பூச்சியும் ஒரே இனம்தான் என்று 2017ல் மரபணுச் சோதனை சொன்னது. அதே வருஷம் பாறையிலிருந்து இன்னொரு பெண் பூச்சியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரே குடும்பத்துக்குள் எத்தனை தலைமுறைதான் சம்பந்தம் பண்ணுவது!

கல்யாணமாகாத வாசகர்களுக்காக ஒரு தகவல்: இந்தப் பூச்சிகள் ஜோடி ஜோடியாகத்தான் தூங்குமாம். ஆண் பூச்சி தன் ஆறு காலில் மூன்றைப் பெண்ணின் மேல் அணைத்தாற்போல் போட்டுக்கொள்ளுமாம். ஆண் கிடைக்காவிட்டாலும் பெண் சும்மா இருப்பதில்லை. தனியாகவே முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கும். இதை வீட்டில் படித்துக் காட்டவேண்டாம்.

இந்தக் கதையை எங்கள் செக்ஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பியிடம் டீ நேரத்தில் சொன்னேன். கணக்கில் கெட்டிக்காரப் பையன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "போனாப் போகட்டுமே சார்... ஒரு பூச்சி. அதனால யாருக்கு என்ன நஷ்டம்?" என்றான்.

நியாயமான கேள்வி. உண்மையைச் சொன்னால் இந்தப் பூச்சியால் நமக்குப் பைசா பிரயோஜனம் கிடையாது. தேன் தராது, பட்டு தராது. 'எதற்காவது உதவும்' என்று சப்பைக்கட்டுக் கட்ட எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அது தன் பாட்டுக்குச் செத்துப்போகவில்லை. நாம் கட்டிய கப்பலில், நம் வீட்டு எலி போய்த் தின்றது. எலிமேலும் கோபப்பட முடியாது. இறக்கிவிட்ட இடத்தில் கிடைத்ததைச் சாப்பிட்டது. அந்த 'கவலை இல்லை'யும் இந்த 'கவலைக்கிட'மும் ஒரே ரசீதின் ரெண்டு பக்கம் என்றேன். தம்பி, "அப்ப ஒண்ணோட சௌகரியம்தான் இன்னொண்ணோட ஆபத்துன்னு சொல்றீங்க?" என்றான். அதேதான்.

பட்டியல் போடுகிறவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. இதே ஒன்றியத்தோடு சேர்ந்த நிபுணர் குழு இன்னொரு பட்டியலும் வைத்திருக்கிறது. ஊர்விட்டு ஊர் போய் அட்டூழியம் செய்கிற உயிரினங்களில் மோசமான நூறு. சுருக்கமாக, கே.டி. லிஸ்ட். அதிலும் நம் ராட்டஸ் ராட்டஸ் உண்டு. ஒரு ரிஜிஸ்டரில் 'இவரைப் பற்றிக் கவலை வேண்டாம்', இன்னொரு ரிஜிஸ்டரில் 'இவர் இருக்கும் இடத்தில் ஜாக்கிரதை'.

அப்புறம் தம்பி கேட்ட இன்னொரு கேள்வி: "ஜூவுல ஆயிரக்கணக்கா இருக்கே, பிறகென்ன கவலைக்கிடம்?" சிவப்புப் பட்டியல் காட்டில் இருப்பதைத்தான் கணக்கில் எடுக்கும். கூண்டுக்குள் வளர்ப்பது கணக்கில் வராது. வெளியே வளர்ந்த ஜீவன்கள் 50க்கும் குறைவு என்றால் நேரே 'கவலைக்கிடம்'தான். இதிலும் பூச்சிகள் பாடு மோசம். பாலூட்டிகள் மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம் இனம். அநேகமாக எல்லாவற்றையும் பரிசோதித்துச் சீட்டு எழுதியாகிவிட்டது. பெயர் வைத்த பூச்சிகள் மட்டுமே சுமார் பத்து லட்சம். அதில் டாக்டர் கை வைத்துப் பார்த்தது நூற்றில் ஒன்றிரண்டுதான். மிச்சமெல்லாம் ஓ.பி. சீட்டுகூட வாங்காமல் வராந்தாவில் உட்கார்ந்திருக்கின்றன. எத்தனை செத்துப்போயின என்று சொல்ல ஆளில்லை. லார்டு ஹோவ் பூச்சி பெரிதாக, வினோதமாக இருந்ததால் கவனித்தார்கள். கடுகு சைஸில் இருந்திருந்தால்?

பூச்சியைத் தீவுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்றால் முதலில் எலி போகவேண்டும். தீவில் மனிதர்கள் சில நூறு பேர்தான். எலியும் சுண்டெலியுமாகச் சேர்த்து மூன்று லட்சத்துக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 2015ல் தீவுக்காரர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தினால் விஷம் வைக்கலாம் என்றவர்கள் 52 சதவிகிதம்தான். மற்றவர்கள் பயந்ததிலும் தப்பில்லை. குழந்தைகள் விளையாடுகிற இடம், குடிக்கிற மழைத் தண்ணீர், வீட்டு மாடு, கோழி... ஊர் ரெண்டுபட்டது. கடைசியில் 2019ல், வீட்டுப் பக்கமெல்லாம் பெட்டியில் வைத்தும், மலையில் ஹெலிகாப்டரில் தூவியும், சுமார் 42 டன் விஷத் தீனி போட்டார்கள். அந்தத் தீவுக்கே சொந்தமான, பறக்கத் தெரியாத காட்டுக்கோழிகள் விஷத்தைத் தின்றுவிடாமல் முன்கூட்டியே பிடித்துப் பட்டியில் அடைத்து வைத்தார்கள். எலி ஒழிந்த பிறகு திறந்துவிட்டதும் அவை மளமளவென்று பெருகின. இரு நூறு சொச்சமாக இருந்தவை சில வருஷத்தில் ஆயிரத்தைத் தாண்டின. பனை விதைகள் தரையில் முழுசாக விழுந்து முளைத்தன.

2021 ஏப்ரலில் மறுபடி எலி! ஒரு ஆண், ஒரு பெண். பெண் எலி கர்ப்பம் வேறு. மோப்ப நாய், பொறி, விஷம், கேமரா என்று ஊரே மறுபடி வேட்டைக்கு இறங்கியது. ரெண்டே ரெண்டு எலிக்கு இவ்வளவு அமர்க்களமா என்று நமக்குத் தோன்றும். 1918ல் இறங்கியதை யாரும் எண்ணவில்லையே, அதனால்தான்.

கடைசியாக எலிக் குடும்பத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எல்லா எலிக்கும் 'கவலை இல்லை' கிடையாது. சேலம் பக்கத்தில், ஏற்காடு மலையடிவாரத்தில், குரும்பப்பட்டி இருக்கிறதே, அங்கே பாறைகளுக்கிடையே வாழும் ஒரு பாறை எலி உண்டு. எல்விரா எலி என்று 1940களில் பெயர் வைத்தார்கள். நம் பரண் எலியின் அதே குடும்பம்தான். உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில் மட்டும்தான் இருக்கிறது. சிவப்புப் பட்டியலில் ஆபத்துப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். குரும்பப்பட்டியில் ஒரு மிருகக்காட்சிசாலையும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் புளியோதரை கட்டிக்கொண்டு ஜனங்கள் போவார்கள்.

தம்பிக்குச் சொந்த ஊர் சேலம்தான். "அஞ்சாறு தடவை போயிருக்கேன் சார். அப்படி ஒரு எலி இருக்குன்னு யாருமே சொன்னதில்லையே!" என்றான். பொங்கல் லீவில் ஊருக்குப் போகும்போது பாறைப் பக்கம் பார்க்கிறேன் என்றிருக்கிறான். பொறி எதுவும் எடுத்துக்கொண்டு போகாதே என்று சொல்லி அனுப்பவேண்டும்.